பள்ளிகொண்ட பற்கள்

அவருக்கு ‘எச்சில் வைத்தியர்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் பாதிப் பொய்யாகிவிடும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீடு அவருடையது. டவுனில் தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு மாடியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். காலையில் எட்டரை மணி பஸ்ஸில் போனால் மாலை ஆறு மணிக்குமேல் திரும்புவார். திரும்பியதும் வாசல் வழியாக வீட்டுக்குள் போகமாட்டார். கொல்லைப்புறமாகப் போய்க் கிணற்றடியில் தலைக்குக் குளித்து, மடி உடுத்தி, திருமண் இட்டுக்கொண்ட பிறகுதான் கூடத்தில் கால் வைப்பார். ஊரார் எச்சிலில் கை வைக்கிற தொழில் என்று அவர் வீட்டாரே செய்து வைத்திருந்த ஏற்பாடு அது. அவர் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை.

நாங்கள் நாலைந்து பேர் சாயங்காலங்களில் சீட்டாடுவோம். ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு அதைவிட்டால் வேறு வீரம் காட்ட இடம் ஏது? ஒருநாள் வீதிமுனையில் அவர் தலை தெரிந்ததும், “எச்சில் வைத்தியர் எழுந்தருளறார், வழி விடுங்கோ” என்றேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு வாரத்தில் பெயர் வீதி முழுக்கப் பரவிவிட்டது. அவர் காதுக்கும் போயிற்று. அடுத்த முறை என்னைப் பார்த்தபோது, “பெயர் பொருத்தமாத்தான் இருக்கு ஸ்வாமி. எச்சில் இல்லாத வாய் எங்கே இருக்கு?” என்றார், சிரித்துக்கொண்டே. என் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த இன்னொரு பாராட்டாக அதை எடுத்துக்கொண்டேன்.

நெட்டையாக, சற்றே கூன் விழுந்த முதுகோடு இருப்பார். பக்கத்தில் வந்தால் கிராம்புத் தைலம் மணக்கும். பேசும்போது நம் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைப் பார்ப்பார். பெரியவர்கள் வாயை அவர் பார்க்கிற பார்வையில் ஒரு சலிப்பு இருக்கும். குழந்தைகள் வாயைத் திறந்தால்தான் முகம் மலரும். அதுவும் அங்கே தெரிகிற பற்களுக்காக அல்ல. தெரியாத பற்களுக்காக.

ஒரு தடவை டவுன் பஸ்ஸில் அவருக்கு இரண்டு இருக்கை பின்னால் உட்கார்ந்திருந்தேன். காவேரிப் பாலத்தில் வண்டி நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் தன் பெண்ணைக் காட்டி, “சொத்தைப் பல்லுங்க, ராத்திரியெல்லாம் அழுவறா. எப்படியும் விழற பல்லுதானே, பிடுங்கிடலாம்னு பாக்கறேன்” என்றாள். அவர் பதறிப்போய்விட்டார். “பிடுங்கிடாதீங்கோ அம்மா. நீங்க ரயில்ல துண்டு போட்டு இடம் பிடிச்சதில்லையா? பால் பல்லுன்னா அந்தத் துண்டு. உள்ளே ஒருத்தர் வந்துண்டிருக்கார். இப்பவே துண்டை எடுத்துட்டா அவர் எங்கே உட்காருவார்? ரெண்டு பக்கத்துக்காரனும் நகர்ந்து உட்கார்ந்துடுவான்” என்றார். கண்டக்டர்கூடச் சிரித்தார். அந்த அம்மாள் புரிந்துகொண்டாளோ என்னவோ, மறுநாள் பெண்ணோடு அவர் மாடிப்படி ஏறியிருக்கிறாள்.

முளைக்காத பற்களை அவர் ‘அவர்’, ‘அவா’ என்றுதான் சொல்வார். “உள்ளே எல்லாரும் பள்ளிகொண்டிருக்கா. நேரம் வந்தா அவாளே எழுந்திருப்பா. நாம போய் எழுப்பக் கூடாது, படுக்கையையும் அசைக்கக் கூடாது” என்பார். பெருமாள் சயனத்தில் இருக்கிற ஊரில் பிறந்தவர் வேறெப்படிப் பேசுவார்? இதையும் நான் சீட்டுக் கச்சேரியில் சொல்லிக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

என் பையன் சீனுவுக்கு அப்போது ஏழு வயது. கருவிலிருந்து எண்ணினால் எட்டாவது வயது. பூணூல் போட அதுதான் உத்தமமான காலம் என்று எங்களில் சொல்வார்கள். ஆனி மாதம் முகூர்த்தம் வைத்தோம். ஆனி போய்விட்டால் தை வரைக்கும் காத்திருக்க வேண்டும், அதற்குள் வயது தாண்டிவிடும். பத்திரிகை கொடுப்பதற்காக ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு, சீனுவை முன்பாரில் உட்காரவைத்து அம்மா மண்டபம் ரோட்டில் போனேன். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. ஒதுங்குகிறேன் என்று வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் மோதினேன். எனக்கு முழங்கை சிராய்த்தது. சீனுவின் முகவாய் கல்லில் அடிபட்டது. எழுந்து நின்ற குழந்தைக்கு வாயை மூட வரவில்லை. கீழ்வரிசைப் பற்களில் இடது பக்கம் ஒரு படி இறங்கி நின்றது.

டவுனில் முதலில் பார்த்த டாக்டர் கீழ்த்தாடை உடைந்திருக்கிறது என்றார். எலும்பில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டிவிடலாம், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. பூணூலுக்குப் பதினாறு நாள்தான் இருந்தது. என் மனைவிதான் ஒரே பிடியாக, “நம்ம வீதி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கோ” என்றாள். எந்த முகத்தோடு போவது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சீனுவிடம்தான் பேசினார். “வாங்கோ. வலிக்கறதோ? பேச வேண்டாம், தலையை ஆட்டினாப் போறும்.” ஏழு வயதுப் பையனுக்கு அத்தனை மரியாதை. எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி, ஈரம் காயாத அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னைக் கூப்பிட்டார்.

நான் அதற்குமுன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மேலே சின்னச் சின்னப் பால் பற்கள். அவற்றின் கீழே, எலும்புக்குள், இன்னொரு வரிசை முழுதாகப் பெரிய பற்கள், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு. என் பிள்ளையின் தாடையில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. கறுப்பாக ஒரு கோடு மேலிருந்து கீழாக ஓடியது. அதுதான் உடைவு. அது ஒரு பெரிய பல்லை உரசிக்கொண்டு போயிற்று.

“இவர் கோரைப்பல். பத்து வயசு வாக்கிலதான் வருவார். அடுத்தவர் அதுக்கப்புறம்” என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். “பெரியவாளுக்குன்னா நானே கம்பி போடச் சொல்லுவேன். குழந்தைக்கு எங்கே ஓட்டை போடறது? பாருங்கோ, காலி எலும்பே இல்லை. எங்கே துளைச்சாலும் ஒருத்தர் தலையிலதான் விழும்.”

எலும்பைத் தொடவே வேண்டாம், வெளியிலிருந்து பிடித்து வைத்தால் போதும் என்றார். குழந்தைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடும். மூன்று வாரம் அசையாமல் இருந்தால் போதும். கீழ்ப்பற்களை அச்சு எடுத்து, பல்செட் செய்கிற ரோஸ் நிறப் பொருளில் வரிசை முழுவதையும் மூடுகிறாற்போல் ஓர் உறை செய்து, பால் பற்களின்மேல் சிமென்ட் வைத்து ஒட்டிவிடுவது. பல்லே தாடைக்குக் கட்டாகிவிடும்.

“பூணூல் இருக்கே” என்றேன்.

“தள்ளிப்போட முடியாதோ?”

“ஆனி போனா முடியாது.”

அவர் எக்ஸ்ரேயை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “சரி. மேல்வாயோட சேர்த்துக் கட்டலை. கீழே மட்டும் போடறேன். வாய் திறக்கலாம், மந்திரம் சொல்லலாம். ஆனா மூணு வாரத்துக்கு அதை எடுக்கப்படாது.”

மூன்றாம் நாள் உறையைப் பொருத்தினார். ஒட்டுவதற்கு முன் சீனுவை அதை வாயில் வைத்துக்கொண்டு பிச்சை கேட்கிற வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார். பூணூல் அன்று தாயாரிடம் முதலில் போய் நின்று பையன் சொல்ல வேண்டியது அது. சீனு “ஹவதி ஹிக்ஷாம் தேஹி” என்றான். உறையின் முன்விளிம்பு தடித்திருந்ததால் உதடு சேரவில்லை. அவர் அதை எடுத்து அரத்தால் ராவினார். மறுபடி வைத்தார். மறுபடி ஹவதி. மறுபடி ராவினார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், அவர் அவசரப்படவில்லை. நாலாவதோ ஐந்தாவதோ தடவை “பவதி” என்று உதடு ஒட்டி வந்தது. “ப வந்துடுத்து. இனிமே அம்மா அரிசி போடுவா” என்றார். சீனு வலியோடு சிரித்தான். அதற்கப்புறம்தான் சிமென்ட் குழைத்தார்.

இத்தனை சிரமப்பட்டு, என் வீட்டு விசேஷத்துக்காக, என் பிள்ளையின் ஓர் எழுத்துக்காக அவர் ராவிய உறையை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

பூணூல் நடத்திவைக்கிற வாத்தியாரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். வாயில் ஒன்றை ஒட்டிக்கொண்டு, அதில் சாதம் சிக்கிக்கொண்டு, எச்சிலோடு காயத்ரி உபதேசம் வாங்கலாமா என்று. அவர், “வைத்தியத்துக்காக இருக்கறது. நன்னா கொப்பளிச்சுட்டு உட்காரட்டும். ஒரு தோஷமும் இல்லை” என்று சொல்லிவிட்டார். ஆகையால் சாஸ்திரத்தின்மேல் நான் பழி போட முடியாது.

பூணூலுக்கு முதல்நாள் வீடு நிறைய உறவுக்காரர்கள். என் பெரியப்பா பிள்ளை, எனக்கு அண்ணா முறை, சீனுவின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்று, “ஏண்டா, எச்சில் வைத்தியர் உம் பிள்ளை வாய்க்கு சீல் வச்சுட்டாராமே. எச்சிலை உள்ளேயே அடக்கிண்டா பிரம்மோபதேசம்?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் வைத்த பெயர். நான் பழக்கிவிட்ட சிரிப்பு. சீனு உதட்டைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

கட்டின பல் வைத்திருக்கிற கிழவர்கள் அதை எடுத்துக் கழுவிவிட்டுத்தானே சந்தியாவந்தனம் பண்ணுகிறார்கள், இதையும் ஒரு நாள் எடுத்துக் கழுவி வைத்தால் என்ன என்று எனக்குள் ஒரு நியாயம் பிறந்தது. வெட்கம் பிடுங்கித் தின்னும்போது எந்த நியாயமும் கெட்டியாகத்தான் தெரியும். பூணூல் அன்று விடியும் வேளையில் சீனுவைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனேன். கையில் ஒரு ஸ்பூன்.

“டாக்டர் மாமா எடுக்கக் கூடாதுன்னாரேப்பா.”

“ஒரு நாள்தாண்டா. நாளைக்கு அவரே திரும்ப ஒட்டிடுவார்.”

என் மனைவி பின்னாலேயே வந்து நின்றாள். “வாத்தியாரே சரின்னுட்டார். யாருக்காக எடுக்கறேள்?” என்றாள். ஸ்பூனின் காம்பை உறையின் விளிம்புக்குக் கீழே கொடுத்து நெம்பினேன். அவர் சிமென்ட் நல்ல சிமென்ட். மூன்று இடத்தில் நெம்ப வேண்டியிருந்தது. சீனு என் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவரையும் அழைத்திருந்தோம். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சீனு மான்தோல் போர்த்து, தண்டம் பிடித்து, தாயாரின்முன் நின்று “பவதி பிக்ஷாம் தேஹி” என்று கணீரென்று சொன்னான். கூடமே ரசித்தது. கடைசி வரிசையில் அவர் மட்டும் சட்டென்று நிமிர்ந்தார். அந்த வாக்கியத்தை உறையோடு எத்தனை தடவை கேட்டவர். அது அவ்வளவு சுத்தமாக வரக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சடங்கு ஓய்ந்ததும் சீனுவிடம் வந்து, “எங்கே, ஈ காட்டுங்கோ” என்றார். பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

“உறை பத்திரமா இருக்கோ?”

“இருக்கு. காலம்பற தானா கழண்டு வந்துடுத்து” என்றேன். சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். அந்தப் பொய் எனக்குக் கொஞ்சமும் சிரமமில்லாமல் வந்தது.

அவர் ஒரு நொடி என் வாயைப் பார்த்தார். “இன்னும் எட்டு நாள் இருக்கே. கடினமா எதையும் கடிக்கக் கொடுக்காதீங்கோ. டவுனுக்குப் போய் சாமான் எடுத்துண்டு வந்துடறேன்” என்று சாப்பிடாமலே கிளம்பினார்.

அவர் போன பிறகு யாரோ பட்சணத் தட்டிலிருந்து ஒரு கைமுறுக்கை எடுத்துக் குழந்தை கையில் கொடுத்துவிட்டார்கள். அவன் பசியோடு கடித்தான். கடித்தவன் அப்படியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். போட்டோக்காரர் காத்துக்கொண்டிருந்தார். “அழாதேடா, படம் எடுத்துடலாம்” என்று கண்ணைத் துடைத்து நிறுத்தினேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. நான் அதைப் பார்ப்பதில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் அவர் பையோடு கொல்லைப்புறம் வந்து நின்றார். அவருக்குத் தெரிந்த வழி அதுதான். பந்தி நடந்துகொண்டிருந்தது. என் அத்தை, “டவுனுக்குப் போய் அந்தப் பையை வேற தொட்டுண்டு வந்திருக்கார். தளிகை நடக்கற இடத்துல எப்படி விடறது?” என்று என்னைக் கூப்பிட்டாள். நான் போனேன்.

“அஞ்சு நிமிஷம் போறும். உள்ளே வரலை. குழந்தையை இங்கே அனுப்புங்கோ, கிணத்தடியிலேயே ஒட்டிடறேன்” என்றார்.

“பந்தி முடியட்டும்” என்றேன்.

முதல் பந்தி முடிந்தது. இரண்டாம் பந்தி போட்டார்கள். நான் வெற்றிலைத் தட்டோடு வந்தவர்களை உபசரித்துக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் வழியாக இரண்டு தடவை அவரைப் பார்த்தேன். முருங்கை மரத்தடியில், பையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். மறக்கவில்லை. அண்ணா முறைக்காரன் முன்னால் ‘எச்சில் வைத்தியரை’ என் பிள்ளையின் வாயில் கை வைக்க விட எனக்குத் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான். நாலு மணிக்கு என் மனைவியே சீனுவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

உறை உட்காரவில்லை. எலும்பு நகர்ந்துவிட்டிருந்தது. அவர் கட்டைவிரலால் மெள்ள மெள்ள அழுத்திச் சேர்த்து எப்படியோ ஒட்டினார். அதற்கு முன் உறையின் விளிம்பில் ஸ்பூன் காம்பு பதிந்திருந்த மூன்று பள்ளங்களையும் விரலால் தடவிப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. முகவாய் வீங்கிச் சீழ் கட்டியது. மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். உடைந்த இடத்தில் கிடந்த கோரைப்பல்லைச் சுற்றி நஞ்சு சேர்ந்துவிட்டது, அதை வெளியே எடுக்காமல் தாடையைக் காப்பாற்ற முடியாது என்றார் டாக்டர். எடுத்து முடித்துத் துணியில் வைத்துக் காட்டினார். மேல்பகுதி மட்டும் முழுதாக உருவாகி, வேர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இவர் இனிமே வரமாட்டார்” என்றார். “அடுத்தவரைக் காப்பாத்தப் பார்ப்போம்.”

அதற்கப்புறம் அவரைப் பற்றி என் ஊரில் பரவிய கதைக்கும் நானே பொறுப்பு. பூணூலன்று பத்துப் பேர் எதிரில் நான் சொன்ன வார்த்தை வீதி வீதியாகப் போயிற்று. ‘அவர் போட்ட உறை தானா கழண்டு விழுந்துடுத்தாம், அதனால குழந்தைக்குப் பல்லே போயிடுத்தாம்.’ கேட்டவர்களிடம் நான் மறுக்கவில்லை. ஒரு தடவை பொய் சொன்னேன், பிறகு ஆறு வருஷம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து குழந்தைகளை அவரிடம் அழைத்துப்போவது குறைந்துபோயிற்று. அவருக்கு அது தெரியும். ஒரு தடவைகூட ‘கழண்டா வந்தது?’ என்று என்னைக் கேட்டதில்லை, வேறு யாரிடமும் மறுத்ததும் இல்லை.

ஆனால் சீனுவை விடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கார்டு வரும். ஆறு வீடு தள்ளி இருக்கிறவர் தபாலில் கார்டு போடுவார். வாசலில் வந்து சொன்னால் எனக்குச் சங்கடம் என்று நினைத்தாரோ என்னவோ. ‘சிரஞ்சீவியை அழைத்து வரவும். அடுத்தவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.’ போவோம். எக்ஸ்ரே, தட்டிப் பார்ப்பது, தாடை இரண்டு பக்கமும் ஒரே அளவில் வளர்கிறதா என்று நூல் வைத்து அளப்பது. காலி இடத்துக்குப் பக்கத்துப் பற்கள் சாயாமலிருக்கச் சின்னதாக ஒரு கம்பி போட்டுக் கொடுத்தார், வளர வளர அதை மாற்றினார். பதினோரு வயதில் அந்த ‘அடுத்தவர்’ தலைகாட்டினார். பழுப்பாக ஒரு கறையோடு வந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “வந்துட்டாரே, அது போறும்” என்றார். சீனு சிரிக்கும்போதெல்லாம் இடது பக்கம் ஒரு சந்தும், அதையொட்டி ஒரு பழுப்புப் பல்லும் தெரியும். அவன் தாராளமாகச் சிரிக்கிற பையன். நான்தான் வேறு பக்கம் பார்ப்பேன்.

கடைசியாக நாங்கள் போனபோது அவனுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது. உள்ளே டாக்டர் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளி பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஆறு வயதுப் பெண். தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார்கள். கடைப் பரணிலிருந்து விழுந்துவிட்டதாம். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“சார், உங்களையே கேக்கறேன். உங்க பையனுக்கு இவர் போட்டது தானா கழண்டு விழுந்துடுச்சாமே. இன்னொரு இடத்துல எலும்புல கம்பி போட்டு ரெண்டு நாள்ல அனுப்பிடறேங்கறாங்க. இவர் அதெல்லாம் கூடாது, மூணு வாரம் உறை போடணுங்கறார். இவரை நம்பலாங்களா?”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அந்தச் சின்னத் தாடைக்குள் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், துளைத்தால் எங்கே விழும் என்றெல்லாம் ஆறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஒரு வரி சொன்னால் போதும். சீனு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது... ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மனைவியின் காதில் ஏதோ சொன்னார். இருவரும் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்கள்.

சற்று நேரத்தில் டாக்டர் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். “அந்தக் குழந்தை எங்கே?” என்றார்.

“பஸ்ஸுக்கு நாழியாச்சுன்னு போயிட்டா” என்றேன். கூசாமல் இன்னொன்று.

அவர் ஒரு கணம் காலி பெஞ்சைப் பார்த்தார். பிறகு செருப்புக்கூடப் போட்டுக்கொள்ளாமல் படியில் இறங்கினார். அறுபதை நெருங்குகிற மனிதர். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெப்பக்குளத் தெருவில், வெள்ளைக் கோட்டோடு, சைக்கிள்களுக்கும் குதிரை வண்டிகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். கூன் முதுகு. ஓடத் தெரியாத ஓட்டம். அவர் தன்னைப் பற்றிய பேச்சுக்காக ஒரு நாளும் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முளைக்காத பற்களுக்காக ஓடினார்.

சீனு எழுந்தான். படியில் தடதடவென்று இறங்கினான். கீழே தெருவில் அவரைத் தாண்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் பறந்தான். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் டாக்டர் வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணைத் தோளில் சாய்த்தபடி. பின்னால் தாயார், அவளுக்குப் பின்னால் சீனு. “நீங்களும் உள்ளே வாங்கோ சீனு. உங்க வாயைக் காட்டினா அவா பயப்படமாட்டா” என்று அவனையும் அழைத்துக்கொண்டு போனார். அறைக் கதவு சாத்திக்கொண்டது. என்னை அவர் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க வேண்டும் என்று பார்க்காமலிருந்த மாதிரியும் இல்லை. அவருக்கு வேலை இருந்தது.

பாத்திரக்கடைக்காரர் கடைசியாக வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். உள்ளே டாக்டரின் குரல் கேட்டது. “வலிக்கறதோ? பேச வேண்டாம், தலையை ஆட்டினாப் போறும்.” இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று கடைக்காரர் பக்கம் திரும்பினேன்.

“அந்த உறை தானா கழண்டு வரலைங்க” என்றேன். “நான்தான் ஸ்பூனால நெம்பி எடுத்தேன்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“தெரியும் சார். உங்க பையன் பஸ்ஸுல அத்தனை பேர் எதிர்லயும் சொல்லிட்டான்” என்றார்.